நேரும் நிரையும்: தேயிலை மலையில் நிழற்படக் கலை

யாப்பிலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் முதற்கண் மாணவர்க்குச் சொல்லித் தருவன நேர், நிரை என்னும் இரண்டு அசைகளே. தனித்து நிற்பது நேர். குறில் ஒன்று தன்னை அடுத்த எழுத்தோடு இணைந்து வருவது நிரை. அப்பெயர்களே தமக்கு எடுத்துக்காட்டாகவும் அமைந்துள்ளன. நேர் என்னும் சொல் நேரசை. நிரை என்னும் சொல் நிரையசை. இவ்விரு சொற்களையும் இலக்கண வகுப்புக்கு வெளியே கொண்டுவந்து நோக்கினால் அவற்றின் பொருள் மேலும் விரியும். நேர் என்பது கோணாமை. நிரை என்பது ஒன்றன்பின் ஒன்றாய், ஒன்றோடு ஒன்று இயைந்து நிற்றல். வெட்சி மறவர் கவர்ந்து சென்ற ஆநிரை அவ்வாறு பெயர் பெற்றது. இன்று நிரை என்னும் சொல் செய்யுளில் அன்றி வாழ்க்கையில் வழங்குவதில்லை எனக் கருதுவோர் பகாங் மாநிலத்துக் கேமரன் மலைக்கு ஒருமுறை வந்து செல்லலாம். அங்கே தோட்டத் தொழிலாளர் வாயில் அது 'நெரை' என்று உயிரோடு இருக்கிறது. ஒருவருக்கு அன்றைய வேலையாகப் பிரித்துக் கொடுக்கப்பட்ட செடிவரிசை நிரை. 'இது என் நெரை, அது உன் நெரை' என்பது தோட்டத்து வழக்கு. ரப்பர்த் தோட்டங்களிலும் இலங்கை மலையகத்திலும் இவ்வழக்கு உண்டு.

கேமரன் மலைக்கு நிழற்படக் கருவியோடு வருவோரை ஈர்ப்பதும் இந்நிரையே. சுங்கை பாலாஸ் தோட்டத்தில் சரிவின்மேல் நீட்டிக் கட்டப்பட்ட பார்வை மேடை ஒன்று உண்டு. அங்கே கைத்தொலைபேசி ஏந்தாத கை அரிது. மலையைச் சுற்றிச் சுற்றிப் பச்சை வரிகள். வரிகளுக்கு இடையே மெல்லிய இருட்கோடுகள். பெரியதொரு சீப்பால் வாரிவிட்டாற் போன்ற தோற்றம். 'இயற்கையின் ஒழுங்கைப் பாரீர்' என்று எழுதிப் படத்தை நண்பர்க்கு அனுப்புவர். மலை இயற்கையின் ஆக்கந்தான். அதன்மேல் ஓடும் வரி அவ்வாறன்று. தேயிலையை அதன் போக்கில் விட்டால் அது பல ஆள் உயரத்துக்கு மரமாய் எழும். அது இடுப்பளவில் நின்று, மேற்பரப்புத் தட்டையாகி, அடுத்த செடியோடு தோள்சேர்ந்து நிற்பது கத்தியாலும் கையாலும் பல்லாண்டு பழக்கிய பழக்கம். இயற்கையிலும் கலையிலும் அன்றாட வாழ்விலும் உள்ள ஒழுங்கைக் கண்டெடுத்துக் காட்டுவது நிழற்படக் கலையின் பெருமை என்பர். அப்பெருமையைத் தோட்டத்து மண்ணில் நின்று நோக்கும்போது இரண்டு வினாக்கள் எழுகின்றன. படத்தில் அமைந்த நிரையை மலைமேல் அமைத்தவர் யாவர்? அவர் பெயர் அப்படத்தோடு வந்து சேர்ந்ததா?

மட்டமும் கோணலும்

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் அரசாங்க நில அளவையாளர் இப்பகுதியை அளந்து செல்லுகையில் மலைகளுக்கு நடுவே பரந்த மேட்டுநிலம் ஒன்று இருப்பதாகத் தெரிவித்தார். அவரோடு சென்றவராகக் குலோப் ரியாவ் என்பவரின் பெயரும் சொல்லப்படுகிறது. செமாய், தெமியார் மக்கள் அக்காடுகளில் அதற்கு முன்பே வாழ்ந்து வந்தனர். ஆதலின் கண்டுபிடிப்பு என்னும் சொல்லை இங்கே அளவோடு கொள்ள வேண்டும். நாற்பது ஆண்டுகள் அந்நிலம் பெரிதும் கேட்பாரற்றுக் கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் நேரிற் சென்று பார்வையிட்ட பின்னரே அரசாங்கத்தின் கருத்து அப்பக்கம் திரும்பியது. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை 1930களின் தொடக்கத்தில் தானா ராத்தாவை எட்டியது.

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அவருக்குத் துணைநின்ற மில்ன் என்பவர் இலங்கையில் தேயிலை பயிரிட்ட பட்டறிவு உடையவர். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. புளூ வேலி முதலிய தோட்டங்களும் இம்மலையில் எழுந்தன. போ தோட்டம் திருத்தப்பட்ட கதையைச் சொல்லுவோர், தொழிலாளர் சிலர், கோவேறு கழுதைகள், ஒரே ஒரு நீராவி உருளை ஆகியவற்றைக் கொண்டு காடு தோட்டமாயிற்று என்பர். உருளை ஒன்று என்று எண்ணிச் சொன்ன அக்கதை தொழிலாளரை எண்ணிச் சொல்லவில்லை.

தேயிலை நடுவதில் முதல் வேலை செடியன்று, முளைக்குச்சியும் கயிறுமே. காடழித்த சரிவில் கயிறு பிடித்து, அளவு பார்த்து, முளையடித்து, முளையடித்த இடத்தில் குழி வெட்டி, அதன் பின்னரே நாற்று வைப்பர். சரிவில் மேலிருந்து கீழாக நேர்கோடு பிடித்து நட்டால் மழைநீர் அக்கோட்டையே வாய்க்காலாகக் கொண்டு மேல்மண்ணை வாரிச் சென்றுவிடும். இலங்கையின் பழைய தோட்டங்கள் பலவற்றில் அவ்வாறு நட்டு மண்ணை இழந்த பின்னரே, ஒரே உயரத்தில் ஓடும் கோட்டின்வழி நடும் முறை வற்புறுத்தப்பட்டது. இக்கோடு எதிர்மலையிலிருந்து பார்ப்பார்க்குப் பாம்புபோல் நெளியும். அதன்மேல் நடப்பவனோ ஏறுவதும் இல்லை; இறங்குவதும் இல்லை. கண்ணுக்குக் கோணல், மட்டத்துக்குப் பிழையின்மை. நேர் வேறு, நிரை வேறு என்று பிரித்துக் காட்ட விரும்பும் ஆசிரியர் மாணவரை ஒரு தேயிலைச் சரிவின் எதிரே நிறுத்தினாற் போதும், கரும்பலகை வேண்டுவதில்லை.

நட்ட நிரையை நிரையாகவே காப்பது அதனினும் நெடிய வேலை. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை செடியைக் கவாத்து செய்வர்; அதாவது கிளைகளை ஒரே உயரத்தில் வெட்டிவிடுவர். இடைக்காலத்தில் மட்டம் குலையாமல் பார்த்துக்கொள்வது கொழுந்து பறிப்போர் பொறுப்பு. இலங்கைத் தோட்டத்துப் பெண்கள் மெல்லிய நீண்ட கம்பு ஒன்றைச் செடியின் மேற்பரப்பிற் கிடத்திப் பார்ப்பர். கம்புக்கு மேலே தலைதூக்கி நிற்கும் கொழுந்தைப் பறிக்கலாம். கீழே நிற்பதை விட்டுவிட வேண்டும். மட்டக்கம்பு என்பது அதன் பெயர். மலை முழுதும் கம்பளம் விரித்தாற்போல் படத்தில் தோன்றும் சமப்பரப்பு, இத்தகைய கம்பைப் பல்லாயிரம் முறை கிடத்திக் கிடத்தி எடுத்த அளவாகும். கேமரன் மலையில் இப்பொழுது கத்தரியும், இருவர் இருபுறமும் பிடித்துச் செல்லும் வெட்டுப்பொறியும் பெரும்பாலான கைப்பறிப்பின் இடத்தைப் பிடித்துவிட்டன. அவற்றைப் பிடிக்கும் கைகளுட் பல வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவை. தலைமுறை தலைமுறையாய் அங்கேயே வாழும் தமிழ்க் குடும்பங்களும் உள்ளன.

செடிக்கு வகுத்த ஒழுங்கை மனிதர்க்கும் வகுத்தது தோட்டம். வரிசையாகக் கட்டிய வீடுகளுக்கு லயம் என்று பெயர். வரி என்னும் பொருளுடைய 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம் அது. இசைநூலார் லயம் என்பது காலத்தின் ஒழுங்கு. தோட்டத்தார் லயம் இடத்தின் ஒழுங்கு. சொல் தற்செயலாக ஒன்றுபட்டதே ஆயினும் பொருத்தம் வியக்கத்தக்கது. விடியுமுன் ஆள்கணக்கு எடுக்க அணிவகுத்து நிற்பது பெரட்டு. அது 'பரேடு' என்பதன் திரிபு. பெரட்டில் நின்றவரின் பெயரைக் கிராணி ஏட்டில் குறித்துக்கொள்வார். அந்த ஏடு செக்ரோல். இதனை நினைவில் நிறுத்திக்கொள்வது நன்று, பின்னர் வேண்டியிருக்கும்.

கண்ணும் கயிறும்

நிழற்படக் கலை உலகறிய வெளிப்பட்ட ஆண்டு 1839. பாரிசில் தாகேரும் இங்கிலாந்தில் டால்பட்டும் வெவ்வேறு வழிகளில் ஒளியைக் கொண்டு உருவம் பதிக்கும் முறையை வெளியிட்டனர். தொடக்கத்தில் அதனை எந்திரத்தின் வேலை என்றே பலர் கருதினர். கருவி தன் முன்னுள்ளதை எல்லாம் பதிக்கிறது. அதில் கலைஞனுக்கு என்ன வேலை என்று கேட்டனர். அக்கேள்விக்கு விடை தேயிலைச் சரிவிலேயே உண்டு. உச்சிப்பொழுதில் அச்சரிவைப் படம் எடுத்தால் பசுமை ஒன்றே தெரியும், நிரை தெரியாது. கதிரவன் தாழ்ந்து நின்று பக்கவாட்டில் ஒளி வீசும் காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு நிரையும் தன் நிழலை அடுத்த இடைவழியில் வீழ்த்தும். அப்பொழுதுதான் வரிகள் எழும். நிழலே படத்தை ஆக்குகிறது. நிழற்படம் என்னும் சொல்லை ஆக்கியவர் அறிந்தே ஆக்கினார் போலும். புகைப்படம் என்னும் சொல்லுக்கு இவ்வளவு பொருத்தம் சொல்ல இயலாது.

எங்கே நிற்பது, எப்பொழுது காத்திருப்பது, எதனைச் சட்டத்துக்கு வெளியே விடுவது என்னும் மூன்றையும் கலைஞன் முடிவு செய்கிறான். இம்முடிவை மிகவும் உயர்ந்த நிலைக்குக் கொண்டுசென்றவர் பிரெஞ்சு நாட்டு ஆன்ரி கார்ட்டியே பிரெசோன். ஓவியப் பயிற்சி பெற்றவர். வடிவக் கணக்கில் நாட்டம் மிக்கவர். ஓடும் மனிதனும் சுவரும் நிழலும் ஒரு நொடியில் தாமாகவே ஓர் அமைப்பிற் பொருந்தும். அந்நொடியைப் பிடிப்பதே கலை என்பது அவர் கொள்கை. தலை, கண், நெஞ்சு ஆகிய மூன்றையும் ஒரே அச்சில் நிறுத்துவதே படம் எடுத்தல் என்று அவர் விளக்குவது வழக்கம். அவருக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. 1950ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், இரமண மகரிஷியின் இறுதி நாட்களில், அவர் திருவண்ணாமலையில் தங்கிப் படம் எடுத்தார். அவர் கருத்துகளைத் தாங்கிய புகழ்பெற்ற படநூல் 1952இல் வெளிவந்தது.

ஒரே அச்சில் நிறுத்துதல் என்பது தமிழர்க்குப் புதிய கருத்தன்று. சிற்பி படிமம் வடிக்கத் தொடங்குமுன் உச்சிமுதல் அடிவரை செங்குத்தாக ஒரு கோடு இடுகிறான். பிரம்ம சூத்திரம் என்று சிற்ப நூல்கள் அதனைக் கூறும். தூக்குநூலிலிருந்து தலை எவ்வளவு விலகிற்று, இடை எவ்வளவு விலகிற்று என்னும் கணக்கிலேயே மூவளைவு நிலையின் அழகு பிறக்கிறது. நேர்கோடு படிமத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதனைக் கொண்டே வளைவு அளக்கப்பட்டது. தச்சன் கயிறும் கற்றோர் ஏடும் நூல் என்னும் ஒரே பெயர் பெற்றதன் பொருத்தத்தை நன்னூலார் உவமையால் விளக்கியிருப்பதைத் தமிழாசிரியர் அறிவர். விடியற்காலையில் வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடும் பெண்ணும் இக்கணக்கையே செய்கிறாள். புள்ளிகள் நேராக நிற்கும். கோடு அவற்றைச் சுற்றி வளையும். லயத்து வாசற்கோலத்துக்கும் எதிர்மலை நிரைக்கும் உள்ள ஒற்றுமையை ஒரே சட்டத்துள் கொண்டுவந்த படம் ஏதேனும் உண்டாயின் அது காணத்தக்கது.

கல்லில் எழுதியதும் தாளில் எழுதாததும்

ஒழுங்கைக் காட்டும் படம் ஒழுங்கின் பின்னுள்ள மக்களைக் காட்டுமா என்பதை ஆராய, சற்றே மலையிறங்கித் தஞ்சைக்குச் செல்லவேண்டும். நில அளவைக் கருவியும் நிழற்படக் கருவியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எனலாம். இரண்டும் கண்ணாடி வில்லையின் வழி நோக்கிக் கோடு பிடிப்பவை. அவ்விரண்டும் அரை நூற்றாண்டு இடைவெளியில் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தன. 1802இல் சென்னைப் பரங்கிமலையை அடுத்து அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரு நில அளவையை நடத்தியவர் லாம்டன். 1808இல் அரை டன் எடையுள்ள கோணமானியைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அதனைப் பல வாரம் அமர்ந்து தம் கையாலேயே அவர் செப்பனிட்டார்.

அதன்பின் 1858இல் வந்தது நிழற்படக் கருவி. சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட காப்டன் லின்னேயஸ் டிரைப், மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு தென்னாட்டைச் சுற்றினார். மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய ஊர்களின் தொன்மைச் சின்னங்களைப் பதிவு செய்தார். அவர் செயல்களுள் வியக்கத்தக்கது ஒன்று. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளை அவர் சிறிது சிறிதாக நகர்ந்து படமெடுத்து, 21 படங்களை ஒன்றோடு ஒன்று பொருத்தி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக ஆக்கினார். ஒரு படத்தில் முடியும் எழுத்து அடுத்த படத்தில் தொடர வேண்டும்; வரி மேலும் கீழும் விலகலாகாது. கருவியை ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில், ஒரே தொலைவில் நிறுத்தியிருந்தால் அன்றி இது கைகூடாது. நிழற்படக் கலையில் நிரை பிடித்தலுக்கு இதனினும் சிறந்த பழைய சான்று தமிழ்நாட்டில் இல்லை எனத் துணிந்து கூறலாம். அடுத்த ஆண்டிலேயே, 1859இல், ஆளுநர் டிரெவெலியன் இப்பணியை வீண்செலவு என்று நிறுத்திவிட்டார். சிக்கனம் எக்காலத்தும் ஏட்டுச் செலவிலேயே முதலில் கைவைக்கும்.

அதே கோயிலில் மற்றொரு கல்வெட்டு உண்டு. முதலாம் இராசராசன் பிற கோயில்களிலிருந்து கொண்டுவந்து தஞ்சையில் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். அவர்கள் ஒவ்வொருவரின் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும், எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு என்பதும் முறையே வெட்டப்பட்டுள்ளன. சிறகு என்பது தெருவின் ஒருபக்க வீட்டுவரிசை. தென்சிறகு, வடசிறகு எனப் பிரித்து, தலைவீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று கல்வெட்டு நடந்துகொண்டே போகிறது. ஆட்டம் பயிற்றுவோர், பாடுவோர், கணக்கர், தையற்காரர், நாவிதர், வண்ணார் ஆகியோரும் விடுபடவில்லை. ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் இதனை இன்றும் படிக்கலாம். மன்னன் அன்பு மிகுதியால் இதனைச் செய்தான் என்று சொல்ல வேண்டுவதில்லை. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் அளக்கவேண்டும். அதற்குக் கணக்கு வேண்டும். அப்பெண்கள் தம் விருப்பால் ஊர் பெயர்ந்தனரா என்பதைக் கல் சொல்லாது. ஆயினும் வரிசையில் நின்றவரின் பெயர் ஆயிரம் ஆண்டு நின்றுவிட்டது.

இக்கல்வெட்டை மனத்திற்கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் தோட்டப் படங்களைப் பார்க்கவேண்டும். கேமரன் என்னும் பெயர் இங்கே மற்றொரு முறை வருகிறது. மலைக்குப் பெயரளித்த அளவையாளரோடு இவரைச் சேர்த்து எண்ணிவிடலாகாது. ஜூலியா மார்கரெட் கேமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டாம் அகவையில் கைக்கு வந்த காமிராவைக் கொண்டு ஆங்கில நாட்டுக் கவிஞர், அறிஞர் பலருடைய முகங்களை அழியா ஓவியமாக்கியவர். அவர் கணவர் சார்லஸ் ஹே கேமரன் இலங்கை ஆட்சிச் சீர்திருத்தக் குழுவில் இருந்தவர். இலங்கையில் காப்பித் தோட்டங்களுக்கு உரியவர். 1869 முதல் பரவிய இலைநோய் காப்பியை அழித்து வந்த காலத்தில், 1875இல், குடும்பம் இலங்கைக்குக் குடிபெயர்ந்தது. 1879 சனவரியில் அம்மையார் அங்கேயே மறைந்தார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

இலங்கையில் அவர் எடுத்த படங்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றுள் தோட்டத் தொழிலாளரும் ஊர்மக்களும் உள்ளனர். மதிப்போடு எடுத்த படங்கள் அவை. முகத்தில் விழும் ஒளியை அம்மையார் அறிந்த அளவு அறிந்தவர் அந்நாளில் சிலரே. ஆனால் இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களின்கீழ் டென்னிசன், கார்லைல், டார்வின் என்று பெயர்கள் நிற்கும். இலங்கைப் படங்களின்கீழ் பெண் என்றும், தொழிலாளர் என்றும், குடியானவர் கூட்டம் என்றும் மட்டுமே நிற்கும். களுத்துறைக் குடியானவர் படம் ஒன்றில் குறிப்பு சற்று நீளமானது. சிறுமிக்கு அகவை 12 என்றும், உடன் நிற்கும் முதியவர் தம்மை அவள் தந்தை என்றும் நூறு வயதினர் என்றும் சொல்லுகிறார் என்றும் அதில் எழுதப்பட்டுள்ளது. அகவையைக் கேட்டு எழுதியவர் பெயரையும் கேட்டு எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

ஒரு கலைஞரே இவ்வாறு விட்டாரெனின் வணிக நிலையங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கொழும்பில் ஸ்கீன், ஸ்கோவன், 1890இல் தோன்றிய பிளாட்டே முதலிய நிலையங்களும், சிங்கப்பூரில் 1867இல் தொடங்கிய லாம்பர்ட் நிலையமும் தோட்டக் காட்சிகளையும் நாட்டு மக்களின் 'மாதிரி'களையும் விற்பனைப் படங்களாக ஆக்கின. அஞ்சலட்டைகள் வழியே அவை உலகெங்கும் சென்றன. படத்தின்கீழ் 'தமிழ்ப் பெண்', 'தமிழ்க் கூலி' என்றும், மலாயாவில் தமிழரை இழித்துக் கூற வழங்கிய 'கிளிங்' என்னும் சொல்லும் அச்சாயின. அமைப்பில் அப்படங்கள் பெரும்பாலும் குறையற்றவை. கூடைகள் ஓர் ஒழுங்கு, தலைகள் ஓர் ஒழுங்கு, பின்னால் நிரை ஓர் ஒழுங்கு. கூடை தூக்கி நிற்பவர் மலையின் அளவை உணர்த்த நிறுத்திய அளவுகோல் போன்று நிற்பார். அவர் பெயர் அன்று விடியற்காலையில்தான் பெரட்டில் கூப்பிடப்பட்டுச் செக்ரோலில் ஏறியிருக்கும். பெயர் ஏட்டில் இருந்தது. முகம் படத்தில் இருந்தது. இரண்டும் ஒருநாளும் சந்திக்கவில்லை.

தமிழர் காமிராவைக் கையாளாதவர் அல்லர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் நிழற்படக் கலை பயின்ற ஏ. கே. செட்டியார், உலகின் பல பகுதிகளில் சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடித் திரட்டி, 1940இல் மகாத்மா காந்தியைப் பற்றிய செய்திப்படத்தை வெளியிட்டார். சிதறியதை நிரைப்படுத்தும் கலையில் அது தமிழர் செய்த பெருஞ்செயல். தோட்டத்து லயத்துக்கு மட்டும் அத்தகைய ஒருவர் வந்து வாய்க்கவில்லை.

இடமிருந்து வலம்

மலாயாத் தோட்டத் தொழிலாளர் பலர்க்கு வாழ்வில் முதன்முதல் எடுக்கப்பட்ட நிழற்படம் அரசாங்கம் எடுத்ததே. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், பன்னிரண்டு அகவை நிரம்பியோர் அனைவரும் பதிவு செய்துகொண்டு, படமும் கைரேகையும் பொருந்திய அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்னும் விதி வந்தது. முகமும் பெயரும் ஒரே தாளில் ஒன்றுசேர்ந்தது அப்பொழுதுதான். பெயர் பதிவாளர் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் ஏறிற்று. மாரியும் முனியும் பட்ட பாட்டைப் பழைய அட்டைகளைப் புரட்டுவோர் அறிவர். ஐயத்தின்பேரில் எடுத்த படம் அது. நேரே நோக்கு, அசையாதே என்பதே அதன் இலக்கணம். எனினும் தாத்தாவின் முகத்தைக் காட்ட அந்த அட்டையைத் தவிர வேறொன்றும் இல்லாத வீடுகள் உண்டு. அதிலிருந்தே பெரிதாக்கிய படங்கள் மாலையோடு சுவரில் தொங்குகின்றன. யாப்பு நூலார் கணக்கில் அது நேரசை போன்றது. ஒருவர் தனியே நிற்கிறார். பக்கத்தில் நின்றவர் இல்லை.

முகமும் பெயரும் நிரையும் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த படம் தோட்டத்தில் ஒன்றே. அது பள்ளிக்கூடத்தின் குழுப்படம். ஆண்டுக்கு ஒருமுறை நகரிலிருந்து படமெடுப்பவர் வருவார். நெட்டையர் பின்னே பலகைமேல் நிற்பர். நடுவரிசையில் ஆசிரியர் நாற்காலியில் அமர்வர். சிறுவர் முன்னே சப்பணமிட்டு இருப்பர். பள்ளியின் பெயரும் ஆண்டும் எழுதிய சிலேட்டு நடுவில் நிற்கும். கேமரன் மலையில் மூடுபனி விலகக் காத்திருப்பதும் இதில் அடங்கும். கலை நோக்கில் இப்படங்களைப் பொருட்படுத்துவார் இலர். பார்வை மேடையிலிருந்து எடுத்த தேயிலைப் படத்துக்குக் கிடைக்கும் பாராட்டு இதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் வரலாற்று நோக்கில் எது பெரிது என்பதில் ஐயம் இல்லை. அட்டையின் அடியிலோ பின்புறத்திலோ 'நிற்போர், இடமிருந்து வலம்' என்று தொடங்கி ஒருவர் விடாமல் பெயர் எழுதும் வழக்கம் இப்படங்களுக்கே உரியது. இராசராசன் கல்வெட்டில் தென்சிறகு, தலைவீடு என்று சென்ற நடையும் இதுவேயாகும். இங்கே நெற்பங்கு கிடையாது. பெயரை விடக்கூடாது என்பதைத் தவிர எழுதியவர்க்கு வேறு காரணமும் இல்லை.

இப்படங்களுக்குப் பகை இரண்டு. ஒன்று மலையின் ஈரம். காமிரா வில்லையிலேயே பூஞ்சணம் படரும் ஊரில் தாளில் படிந்த முகம் எத்தனை ஆண்டு நிற்கும்? மற்றது இடப்பெயர்ச்சி. லயத்தை விட்டு நகரத்துக்குச் சென்ற குடும்பங்கள் பெட்டியோடு படத்தையும் எடுத்துச் சென்றன; அந்தப் பெட்டி மூன்றாம் வீடு மாறும்போது படம் தங்குவதில்லை. பெயர் எழுதாத குழுப்படங்களும் மிகப் பல. அவற்றைக் கண்டு 'இவர் இன்னார் மகன், இவள் மேல் லயத்து இன்னாள்' என்று விரல்வைத்துச் சொல்லக்கூடிய முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். பேரப்பிள்ளை கைத்தொலைபேசியில் அப்படத்தை மறுபடம் எடுக்கையில் பாட்டி சொல்லும் பெயர்களை ஒரு தாளில் வரிசைப்படி எழுதிக்கொள்வது பத்து நிமிட வேலை. தமிழாசிரியர் சிலர் இதனை மாணவர்க்கு விடுமுறைப் பயிற்சியாகக் கொடுக்கின்றனர். கட்டுரைப் பயிற்சியினும் இது கடினமானது என்று மாணவர் சொல்லுவதும் உண்டு. ஏனெனில் பாட்டி ஒரு பெயரோடு நிற்பதில்லை, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை சொல்லுகிறாள்.

அவ்வாறு பெயர் எழுதப்பெற்ற பழைய குழுப்படங்களில் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். பின்வரிசையின் ஓரத்தில் நிற்கும் பையன் பெரும்பாலும் சட்டத்துள் முழுதும் அடங்குவதில்லை. ஒரு தோளும் பாதி முகமுமே பதிந்திருக்கும். பின்புறத்துப் பட்டியலில் அவனுக்கும் தந்தை பெயரோடு முழுப்பெயர் உண்டு.